கல்வித்துறையில் கொள்முதல் வேலை: சேரலாமா என்று கேட்ட தம்பிக்கு

எம்.பி.ஏ. முடித்துவிட்டு வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் நான்கு வருஷம் பர்ச்சேஸ் பார்த்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வி சார்ந்த திட்ட அலுவலகம் ஒன்றில் ‘கொள்முதல் நிபுணர்’ என்ற பணிக்கு ஒப்பந்த அடிப்படையில் தேர்வாகியிருக்கிறார். உள்ளே என்ன வேலை இருக்கும், டெண்டர் போடுவது மட்டும்தானா, தெரியாமல் எதிலாவது மாட்டிக்கொள்வோமா, முதல் மாதம் என்ன செய்ய வேண்டும் என்பது அவருடைய கேள்விகள்.

சேருங்கள் என்பதுதான் என் பதில். இருபது வருஷத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆனால் எதற்குச் சேர்கிறோம் என்று தெரிந்துகொண்டு சேருங்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கொள்முதல் என்றால் டெண்டர் திறக்கிற நாள்தான். யார் எல்1 (குறைந்த விலை சொன்னவர்), எவ்வளவு ரேட், யாருக்குக் கிடைத்தது, அவ்வளவுதான் செய்தி. அந்த நாள் உண்மையில் நடுவில் வருகிற ஒரு சின்ன நாள். அதற்கு முன்னால் ஸ்பெக், அதாவது பொருள் எப்படி இருக்க வேண்டும் என்ற விவரக்குறிப்பு, எழுதுகிற வாரங்களும் பின்னால் குடோனில் சரக்கைப் பிரித்துப் பார்க்கிற வாரங்களும்தான் வேலை. நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி இந்த இரண்டு இடங்களில் நடந்தவை.

முதலில் யார் எதை வாங்குகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே அலுவலகம் வாங்குவதாக நினைத்துக்கொள்கிறார்கள். பாடநூல், நோட்டு, புத்தகப்பை, ஜியோமெட்ரி பாக்ஸ் போன்றவற்றுக்குத் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் இருக்கிறது. 1970-ல் பாடநூல் நிறுவனமாகத் தொடங்கியது, அப்புறம் மற்ற பொருள்களும் அதன் தலையில் வந்து சேர்ந்தன. சீருடை சமூக நலத்துறை வழியாக மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் தைக்கப்படுகிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்துக்கு வாங்கிக் கொடுத்தது மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட். சைக்கிள் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் கையில். திட்ட அலுவலகம் என்றால் பெரும்பாலும் ஆய்வகச் சாமான்கள், ஸ்மார்ட் வகுப்பறைக் கருவிகள், பயிற்சிக் கையேடு அச்சிடுதல், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான உபகரணங்கள், அப்புறம் வாகனம், ஆள் சப்ளை, ஆலோசகர் நியமனம் போன்ற சேவை ஒப்பந்தங்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் எந்தப் பணம், யாருடைய விதி என்பது மாறும். மாநிலப் பணமா, மத்திய அரசின் பங்கு கலந்த பணமா, உலக வங்கிக் கடனா என்று முதலில் கேளுங்கள். விதிப்புத்தகம் அதைப் பொறுத்தது.

இப்போது நேரக் கணக்குக்கு வருகிறேன். கம்பெனியில் சரக்கு ஒரு வாரம் தாமதமானால் உற்பத்தி நிற்கும், நஷ்டம் கணக்கில் வரும். இங்கே தாமதமானால் எந்தக் கணக்கிலும் வராது. ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியர் ஒரே புத்தகத்தை நான்கு பிள்ளைகளுக்கு நடுவில் வைத்துப் பாடம் நடத்துவார், அவ்வளவுதான். யாரும் உங்களுக்கு போன் செய்து சொல்ல மாட்டார்கள். அதனால் ஜூன் மாதம் பள்ளி திறக்கிற நாளை மேஜையில் எழுதி வைத்துவிட்டுப் பின்னோக்கி எண்ணப் பழகுங்கள். திறக்கிற நாளில் பிள்ளை கையில் இருக்க வேண்டுமென்றால் மே நடுவில் மாவட்டக் கிட்டங்கிக்கு வந்திருக்க வேண்டும். அதற்கு முன் அச்சடிப்பு, பைண்டிங், சோதனை, அதற்கு முன் காகிதம் அச்சகம் போய்ச் சேர்வது, அதற்கு முன் ஒப்பந்தம், வங்கி உத்தரவாதம், அதற்கு முன் மதிப்பீடு, அதற்கு முன் டெண்டர் கால அவகாசம். நம் டெண்டர் விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரைக்கும் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் போனால் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைக்க வேண்டுமென்றால் மேல் அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்து அனுமதிக்க வேண்டும். அதற்கும் முன்னால் நிர்வாக ஒப்புதல், அரசாணை, ஸ்பெக் கமிட்டி. இப்படி எண்ணிக்கொண்டே போனால் முந்தைய வருஷம் ஆகஸ்டு, செப்டம்பரில் போய் நிற்பீர்கள். இந்த வருஷப் புத்தகம் பிள்ளைகள் பைக்குள் போய் மூன்று மாதம்கூட ஆகியிருக்காது, அடுத்த வருஷத்துக் கோப்பு திறந்திருக்க வேண்டும். கீழ் வகுப்புகளுக்கு முப்பருவ முறை 2012-13-ல் வந்ததிலிருந்து ஜூன் மட்டுமில்லை, அக்டோபரும் ஜனவரியும் சேர்ந்துகொண்டன.

எல்லாம் சரியாகச் செய்தும் கையை விட்டுப் போகிற வருஷங்களும் உண்டு. 2011 நினைவிருக்கிறதா? சமச்சீர் கல்விப் புத்தகங்கள் அச்சாகிக் கிட்டங்கிகளில் இருந்தன, ஆட்சி மாறியது, அந்த வருஷம் வேண்டாம் என்று சட்டத்திருத்தம் வந்தது, வழக்கு உயர்நீதிமன்றம் போய் உச்சநீதிமன்றம் போய், ஆகஸ்டு 9-ந் தேதிதான் தீர்ப்பு வந்தது. அதுவரை பிள்ளைகள் புத்தகம் இல்லாமல் பள்ளிக்கு வந்து போனார்கள். கொள்முதலில் இருக்கிற எவராலும் அதைத் தடுத்திருக்க முடியாது. ஆனால் தீர்ப்பு வந்த பிறகு எத்தனை நாளில் புத்தகம் வகுப்புக்குப் போய்ச் சேரும் என்பது, எந்தக் கிட்டங்கியில் எந்த வகுப்புக்கு எத்தனை கட்டு இருக்கிறது என்று எழுதி வைத்திருந்தவர்களைப் பொறுத்தது. ஸ்டாக் ரிஜிஸ்டரைச் சலிப்பான வேலை என்று நினைக்காதீர்கள்.

சரி, ஸ்பெக். இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குத் தீராது.

நான் சேர்ந்து இரண்டாவதோ மூன்றாவதோ வருஷம், வேறொரு அலுவலகத்தில் இருந்தபோது, ஜியோமெட்ரி பாக்ஸ் வாங்கினோம். தகட்டின் கனம் எழுதியிருந்தோம், பெயின்ட் எழுதியிருந்தோம், உள்ளே இருக்க வேண்டிய சாமான்கள், கவராயத்தின் நீளம், ஸ்கேலின் அளவு எல்லாம் எழுதியிருந்தோம். சப்ளையர் எல்லாவற்றையும் சரியாகவே கொடுத்தார். வினியோகம் முடிந்து ஒரு மாதம் இருக்கும், தலைமை ஆசிரியை ஒருவர் ஒரு பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். மூடியைத் திறந்து, ‘சார், இந்த ஓரத்தில் விரலை வைத்துப் பாருங்கள்’ என்றார். தகட்டை வெட்டிய ஓரம், மடிக்காமல் அப்படியே. பிளேடு மாதிரி இருந்தது. அவர் பள்ளியில் ஆறாம் வகுப்பில் மூன்று பிள்ளைகளுக்கு விரல் கீறியிருக்கிறது. நான் ஒப்பந்தத்தை எடுத்து வரிக்கு வரி பார்த்தேன். ஓரத்தை மடிக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. வீட்டுக்கு ஒரு பெட்டி வாங்குகிற எந்த அம்மாவும் கடையில் நின்று விரலால் தடவிப் பார்த்துத்தான் வாங்குவார், லட்சக்கணக்கில் வாங்கிய நாங்கள் தடவிப் பார்க்கவில்லை. சப்ளையர் மேல் சட்டப்படி ஒன்றும் செய்ய முடியாது, அவர் கேட்டதைக் கொடுத்துவிட்டார். அடுத்த வருஷ ஸ்பெக்கில், ‘நான்கு பக்க விளிம்புகளும் உள்நோக்கி மடிக்கப்பட்டிருக்க வேண்டும், விரலால் தடவினால் கீறக் கூடாது’ என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரிக்காகக் கொடுத்த விலை அந்தப் பிள்ளைகளுடையது.

அதற்குப் பிறகு ‘நல்ல தரமான’, ‘உறுதியான’, ‘நீடித்து உழைக்கும்’ என்ற சொற்கள் எந்த ஸ்பெக்கில் வந்தாலும் சிவப்பு மையில் அடித்துவிடுவேன். அளக்க முடியாத சொல்லை வைத்து எந்தச் சரக்கையும் திருப்பி அனுப்ப முடியாது. பையின் வார் உறுதியாக இருக்க வேண்டும் என்றால் எத்தனை கிலோவைத் தொங்கவிட்டு எத்தனை மணி நேரம் பிய்யாமல் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். அப்புறம் எந்தச் சோதனைக்கூடத்தில், யார் செலவில், எத்தனை மாதிரி என்றும் எழுதுங்கள். நமக்குப் பக்கத்திலேயே நல்ல இடங்கள் இருக்கின்றன. தோல், காலணி என்றால் அடையாறில் சி.எல்.ஆர்.ஐ., பிளாஸ்டிக் என்றால் கிண்டியில் சிப்பெட், துணி என்றால் கோயம்புத்தூரில் சிட்ரா. இவர்களிடம் ஸ்பெக் எழுதுகிற கட்டத்திலேயே போய் உட்கார்ந்து பேசுங்கள். சரக்கு வந்து பிரச்சினை ஆன பிறகு போகிறவர்கள்தான் அதிகம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஸ்பெக்கை இறுக்கிக்கொண்டே போனால் ஒரே ஒரு கம்பெனிதான் அதற்குள் நுழைய முடியும் என்ற இடத்துக்கு வந்துவிடும். சில சமயம் அது தெரியாமல் நடக்கும், சில சமயம் யாரோ நல்லெண்ணத்தோடு கொடுப்பது போல ஒரு கேட்லாக்கைக் கொடுத்து, ‘இதைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்’ என்பார்கள். அந்தக் கேட்லாக்கில் இருக்கிற நீளம் அகலம் மில்லிமீட்டர் சுத்தமாக ஸ்பெக்கில் ஏறினால் டெண்டர் அன்றைக்கே முடிந்துவிட்டது என்று அர்த்தம். நான் வைத்திருந்த பழக்கம், ஸ்பெக்கின் ஒவ்வொரு வரிக்கும் எதிரில் ‘இது பிள்ளைக்கு எதற்கு?’ என்று பென்சிலில் எழுதுவது. பதில் எழுத முடியாத வரியை எடுத்துவிடுவேன். டெண்டர் போடுவதற்கு முன் நடத்துகிற கூட்டத்தில் சப்ளையர்கள் கேட்கிற கேள்விகளில் பாதி சுயநலம்தான், மீதிப் பாதியில் நமக்குத் தெரியாத விஷயம் இருக்கும். பொறுமையாகக் கேட்டு, பதிலை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் எழுத்தில் கொடுங்கள்.

சரக்கு வாங்குகிற இடத்துக்கு வருவோம். காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாடநூல் காகிதம் பெரும்பாலும் கரூர் பக்கம் காகிதபுரத்திலிருக்கும் டி.என்.பி.எல். ஆலையிலிருந்து வருவது, கரும்புச் சக்கையிலிருந்து செய்கிற காகிதம். 80 ஜி.எஸ்.எம். என்று எழுதியிருந்தால் ஒரு சதுர மீட்டர் 80 கிராம் இருக்க வேண்டும். இதைப் பார்க்க ஒரு வட்டக் கத்தி இருக்கிறது, கைக்கடக்கமான கருவி. தாளின் மேல் வைத்து அழுத்தித் திருகினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் ஒன்று வெட்டி விழும். அதை எலெக்ட்ரானிக் தராசில் வைத்தால் 0.80 கிராம் காட்ட வேண்டும், நூறால் பெருக்கினால் 80. முதல்முறை என் மேலாளர் இதைச் செய்து காட்டியபோது ஒரு ரூபாய் நாணயம் கிடைத்த குழந்தை மாதிரி நான் அந்த வட்டத்தைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன். அப்புறம் அவர் அதே கட்டிலிருந்து, மழைக்காலத்தில் சுவரோரம் இருந்த ஒரு தாளை எடுத்து வெட்டினார். எடை கூடுதலாகக் காட்டியது. காகிதம் ஈரத்தைக் குடிக்கும். சென்னை நவம்பரில் மெல்லிய காகிதம்கூட எடையில் தேறிவிடும், அதனால்தான் நிர்ணயித்த வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சில மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு எடை பார்க்கச் சொல்கிறது தர நிர்ணயம். ஒரு ஜி.எஸ்.எம். குறைந்தால் என்ன என்று தோன்றலாம். ஆயிரம் டன்னில் ஒரு ஜி.எஸ்.எம். என்றால் பன்னிரண்டு டன்னுக்கு மேல் காகிதம். பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் தெரிந்து, கண் பார்வை குறைந்த பிள்ளை படிக்கத் திணறுவதை எதில் கணக்குப் போடுவது?

மாதிரிக்கு அரக்கு முத்திரை வைப்பதை விட்டுவிடாதீர்கள். ஒப்பந்தம் போடும்போது ஒப்புக்கொண்ட மாதிரியை இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு முத்திரையிட்டு ஒன்று அலுவலகத்தில், ஒன்று கிட்டங்கியில் வையுங்கள். வருகிற லாரியில் மேலே இருக்கிற பெட்டியை எடுத்து ஒப்பிடாதீர்கள், சப்ளையருடைய ஆள் மேலே நல்லதாகத்தான் அடுக்குவார். நடுவிலிருந்து எடுங்கள், கடைசி லாரியிலிருந்து எடுங்கள். எந்தப் பெட்டி என்பதை நீங்களே அந்த இடத்தில் முடிவு செய்யுங்கள், முன்கூட்டி யாரிடமும் சொல்லாதீர்கள்.

டெண்டரைத் திறக்கிற கட்டம் பற்றிக் குறைவாகவே சொல்வேன், ஏனென்றால் அங்கே சட்டம் தெளிவாக இருக்கிறது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-ல் வந்தது, விதிகள் 2000-ல். கர்நாடகம்கூட நமக்கு அடுத்த வருஷம்தான் இதுபோல் சட்டம் கொண்டுவந்தது. இரண்டையும் அச்சிட்டுப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் படித்து முடித்துவிடலாம். கம்பெனியிலிருந்து வருகிறவர்கள் தடுக்கி விழுகிற இடம் பேரம். அங்கே மூன்று பேரைக் கூப்பிட்டு ஒருவர் ரேட்டை இன்னொருவரிடம் காட்டிக் குறைப்பது திறமை, இங்கே அது குற்றம். குறைந்த விலை சொன்னவரிடம் மட்டும்தான் பேசலாம், அதையும் கமிட்டி உட்கார்ந்து பேச வேண்டும், பதிவு செய்ய வேண்டும். தோற்றவர் 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம், அதனால் ஒருவரை நிராகரிக்கும் காரணத்தை அவர் படிப்பார், அவருடைய வக்கீல் படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள்.

கூட்டுச் சேர்ந்து ரேட் போடுவதைக் கண்டுபிடிக்கக் கண் பழக வேண்டும். இரண்டு கம்பெனிகளின் வரைவோலை ஒரே வங்கிக் கிளையில் அடுத்தடுத்த எண்ணாக இருக்கும். மூன்று பேருடைய கடிதத்திலும் ஒரே எழுத்துப்பிழை இருக்கும். மின்டெண்டர் வந்த பிறகு ஒரே கணினியிலிருந்து பதிவேற்றியது தெரியவரும். எனக்கு ஒருமுறை காட்டிக்கொடுத்தது முகவரியில் பின்கோடு. இரண்டு வெவ்வேறு ஊர் நிறுவனங்கள், இரண்டிலும் ஒரே தவறான பின்கோடு. சந்தேகம் வந்தால் உடனே கோப்பில் எழுதி மேலே அனுப்புங்கள், நீங்களாக போன் போட்டு விசாரிக்கப் போகாதீர்கள்.

மாட்டிக்கொள்வோமா என்று கேட்டீர்கள். நேர்மையாக இருக்கிறவர்கள் மாட்டுவது லஞ்சத்தில் இல்லை, எழுதாமல் விட்டதில். தணிக்கைக்காரர்கள் மூன்று நான்கு வருஷம் கழித்து வருவார்கள். அப்போது உங்களுக்கு அந்த நாள் நினைவிருக்காது, உங்கள் அதிகாரி மாறியிருப்பார், கோப்பு மட்டும் பேசும். அவசரம் என்று யாராவது வாய்மொழியாகச் சொன்னால், அன்றைக்கே ‘இன்ன தேதியில் வாய்மொழியாக அறிவுறுத்தியபடி’ என்று குறிப்பெழுதி அவருக்கே அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். நல்ல அதிகாரிகள் கோபப்பட மாட்டார்கள். கோபப்படுகிறவரிடம்தான் அது கட்டாயம் வேண்டும். டெண்டர் வரம்புக்குள் வராமலிருக்க ஒரே கொள்முதலை நான்காக உடைக்கச் சொல்வார்கள், முக்கியமாக மார்ச் மாதத்தில், 31-ந் தேதிக்குள் பணம் செலவாக வேண்டுமென்று. செய்யாதீர்கள். பணம் திரும்பிப் போனால் போகட்டும், அடுத்த வருஷம் மறுபடி கேட்கலாம். தணிக்கைத் தடை தீராமல் ஓய்வூதியம் வருஷக்கணக்கில் நின்றுபோன நல்ல மனிதர்களை எனக்குத் தெரியும், அவர்களில் ஒருவர்கூட ஒரு ரூபாய் எடுத்தவர் இல்லை.

ஒப்பந்த வேலையின் நிச்சயமின்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திட்டம் முடிந்தால் வேலை முடியும். நிதி வராவிட்டால் சம்பளமும் நிற்கும். 2024-ல் மத்திய அரசின் சமக்ர சிக்ஷா நிதி தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றபோது திட்ட ஊழியர்களின் சம்பளம் இழுபறியானதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். நான்கு மாதச் செலவுக்குக் கையில் பணம் வைத்துக்கொண்டு வாருங்கள். வீட்டில் கடன் தவணை இறுக்கமாக இருந்தால் ஒருமுறை யோசியுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

முதல் மாதம் என்ன செய்வது என்றீர்களே. டெண்டர் கோப்புகளை எடுக்காதீர்கள். கடைசி மூன்று வருஷத்தில் பள்ளிகளிலிருந்து வந்த புகார்க் கடிதங்களை எடுத்துப் படியுங்கள், எந்த அலுவலகத்திலும் அவை ஒரு தனிக் கட்டாகத் தூசியோடு இருக்கும். அப்புறம் ஒரு பள்ளிக்குப் போங்கள், சென்னையில் வேண்டாம், பஸ் இரண்டு மாறிப் போகிற ஊருக்கு. நான் அப்படிப் போனபோது நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி ஷூவின் பின்பக்கத்தை மிதித்து மடக்கி, செருப்பு மாதிரி போட்டுக்கொண்டு நடந்தாள். ஏன் என்று கேட்டால் ‘சின்னதா இருக்கு சார்’ என்றாள். பதிவேட்டைப் பார்த்தேன். அவளுக்கு அளவெடுத்தது முந்தைய ஆகஸ்டில், ஷூ வந்து சேர்ந்தது ஜூலையில். காலணி எல்லாச் சோதனையிலும் தேறியது, ரேட்டும் நல்ல ரேட், தணிக்கையில் ஒரு கேள்வி இல்லை. பதினொரு மாதத்தில் அவள் கால் வளர்ந்துவிட்டது, அதை ஸ்பெக்கில் எங்கேயும் யோசிக்கவில்லை. அடுத்த வருஷம் அளவெடுப்பதை ஜனவரிக்கு மாற்றி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அளவு கூட்டிக் கேட்டு, ஒன்றியத்துக்கு நூற்றுக்கு ஐந்து ஜோடி மாற்றுக்கென்று தனியாக வைத்தோம்.

சேர்ந்த பிறகு முதல் ஸ்பெக் எழுதும்போது சந்தேகம் வந்தால் தயங்காமல் கேளுங்கள். ஜியோமெட்ரி பாக்ஸாக இருந்தால் அந்த விளிம்பு வரியை அப்படியே அனுப்பி வைக்கிறேன்.